யார் எழுந்தாலும் நானும் எழுந்த கதை

பதினெட்டு வயதானதும் சிறப்புப் பள்ளியில் எனக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். அதுவரை நான் ஆட்டிசம் உள்ள பிள்ளை. மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஆம்பளை. அப்பா இல்லாததால், ஊரில் நல்லது கெட்டதுக்கு இனி நான்தான் தலைகாட்ட வேண்டும் என்றாள் அம்மா.

பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அவன அனுப்பிச்சு மானத்த வாங்காத. நான் போய்க்கிறேன்."

"நாம நாலு வீட்டுக்குப் போனாத்தான் நமக்கு நாலு பேரு வருவாக. எனக்கு அப்புறம் இவனுக்கு யாரு இருக்கா?" என்றாள் அம்மா.

வடமதுரைப் பக்கம் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெரியவர் இறந்துபோனார். கேதம் கேட்க என்னைத் தனியாக அனுப்பினாள். பஸ் வரும்வரை பாடம் நடந்தது.

"வரிசையா நிப்பாக, கையத் தொடு. பேசாம போயி உக்காரு. கொஞ்ச நேரம் இரு. கெளம்பும்போது யார்ட்டயும் சொல்லக் கூடாது."

"கொஞ்ச நேரம்னா எம்புட்டு?"

"யாராச்சும் எந்திரிச்சா, நீயும் அவுக கூடயே எந்திரிச்சிரு அப்பு."

'கொஞ்ச நேரம்' என்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, அதில் மணியும் இருக்கிறது. பிறகென்ன?

அங்கே கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. யாரையும் தொடுவது எனக்கு ஆகாது. இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கையாகத் தொட்டேன். வரிசை எங்கே முடியும் என்று அம்மா சொல்லவில்லை. பந்தல்காரர் கையையும் தொட்டேன். அவர் பாவம், சட்டென்று முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். டீ கேனோடு நின்றவர் கையை ஒளித்துக்கொண்டார்.

உட்கார்ந்தேன். வெகுநேரம் யாருமே எழவில்லை. கடைசியில் இறந்தவரின் மகன் எழுந்தார். நானும் எழுந்தேன். அவர் வாசலுக்குப் போகாமல் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகைக்குள் போனார். கூடவே போனேன். அங்கே அவர் தூணில் சாய்ந்து விம்மி விம்மி அழுதார். பேசக் கூடாது என்பது அம்மா உத்தரவு, பேசவில்லை. கொட்டுச் சத்தம் அங்கே குறைவு, எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் அழுது முடிக்கும்வரை நின்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தார், உட்கார்ந்தேன். எழுந்தார், எழுந்தேன். இப்படியே சுடுகாடுவரை போய்விட்டோம். அங்கே மொட்டை போட அவர் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். நாவிதர் என்னை எதுவும் கேட்காமல் தலையில் தண்ணீரைத் தெளித்துவிட்டார். தலையில் கத்தி இருக்கும்போது அசையக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

வாசலில் என்னைப் பார்த்ததும் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "பங்காளிகதான்டா மொட்ட போடணும். நான் உசுரோடல்ல இருக்கேன்."

பெரியப்பா, "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல" என்றார். அவருக்கு அன்று பரம சந்தோஷம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த மகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் இருவர் தலையிலும் அப்போதுதான் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது.

"இம்புட்டுப் பேரு வந்தாக அத்த. கொட்டகைல எங்கூட நின்னது மாப்ள ஒருத்தன்தான். இந்த வீட்டுல எதுன்னாலும் எனக்கு ஒரு போன் போடுங்க, வாரேன்."

அவர் போன பிறகு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏலே, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா யாரு எந்திரிக்கிறதப் பாத்துடா நீ எந்திரிப்ப?"

"நீ எந்திரிக்கிறதத்தான். நீ எந்திரிக்கலேன்னா நானும் எந்திரிக்க மாட்டேன்."

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. தொட்டால் எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தும், என் மொட்டைத் தலையில் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.