தோட்டத்துக்குத் தேயிலை கொண்டுவந்தவன்

தேயிலைத் தோட்டத்திலேயே உத்தியோகம் பார்த்துக்கொண்டு, வீட்டின் மூன்று பக்கமும் தேயிலைச் செடி நிற்க, ஹட்டன் டவுனுக்கு பஸ் ஏறிப் போய்க் காசு கொடுத்துத் தேயிலைத்தூள் வாங்கிவந்த மனிதன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். ஒரு தடவை என்றால் ஏதோ அவசரம் என்று மன்னித்துவிடலாம். நான் மாதக்கணக்கில் வாங்கினேன். தோட்டத்தில் மாதாமாதம் இலவசமாகக் கொடுக்கிற தேயிலை சமையலறையில் டின் நிறைய இருக்கும்போதே வாங்கினேன். இதற்குக் காரணம் தேயிலை அல்ல. அடுத்த வீட்டு டீமேக்கர்.

டீமேக்கர் என்றால் தேத்தண்ணி போடுகிறவர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடக் கூடாது. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்போம். பச்சைக் கொழுந்து ஸ்டோருக்குள் நுழைந்த நேரத்திலிருந்து, தூளாகிப் பெட்டியில் அடைபட்டு லாரி ஏறும்வரை அது டீமேக்கரின் ராஜ்யம். தோட்டத்தை நடத்துகிற துரையே அவரிடம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். நான் தோட்ட ஆபீசில் இரண்டாவது கிளாக்கர். மூன்றாவது கிளாக்கர் என்று ஒருவர் கிடையாது. என் அந்தஸ்தை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அவரும் நானும் ஒரே கடையில்தான் சாமான் வாங்கினோம். ஹட்டனில், ரயில்வே ஸ்டேசனுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த முஸ்லிம் முதலாளியின் பலசரக்குக் கடை. நல்ல மனிதர், நியாயமான தராசு. ஆனால் நான் உள்ளே நுழைந்தால் முதலாளி, "வாங்க ஐயா" என்று தராசைப் பார்த்துக்கொண்டு சொல்வார். டீமேக்கர் நுழைந்தால் எழுந்து நின்று சொல்வார். எனக்குக் கொசுறாகக் கறிவேப்பிலை வரும். அவருக்கு மாசிக்கருவாட்டில் ஒரு துண்டு. வருசப் பிறப்புக்கு எனக்குக் கொடுக்கும் காலண்டரில் தேதி மட்டும் இருக்கும். அவருக்குக் கொடுப்பதில் மேலும் கீழும் தகரப்பட்டை வைத்து, நடுவில் லட்சுமி தாமரையில் நிற்பாள். என் வீட்டுக்கு வராத லட்சுமி அவர் வீட்டுக்குக் கடைவழியாகவே போய்ச் சேர்ந்தாள் என்று நான் மனைவியிடம் சொன்னேன். "அந்தக் காலண்டர்ல தேதி கண்ணுக்கே தெரியாதுங்க, நம்மளதுதான் நல்லது" என்றாள். பொறாமைப்படத் தெரியாதவர்களோடு குடும்பம் நடத்துவது கஷ்டம்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கடைக்கு நேரெதிரே இன்னொரு கடை திறந்தார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. முதலாளி பயந்துபோய் ஒரு திட்டம் கொண்டுவந்தார். சாமான் வாங்க வாங்க, ரூபாய்க்கு ஒன்று என்று கடை முத்திரை குத்திய நீலச் சீட்டுத் தருவார். சீட்டுச் சேர்த்துக் கொடுத்தால் இனாம். இனாம் சாமான்களைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்தார். கீழ்த்தட்டில் கரண்டி, நடுத்தட்டில் கண்ணாடி டம்ளர், எனாமல் பேசின். மேல்தட்டில், துணை இல்லாமல், ஒரு பிளாஸ்க்.

சிவப்பில் கறுப்புக் கட்டம் போட்டது. தோளில் மாட்ட வார், மூடியே குடிக்கிற கோப்பை. வெளிநாட்டுச் சாமான் வரத்து குறைந்துகொண்டிருந்த காலம். "இந்த ஒண்ணுதான் ஐயா. இதுக்கப்புறம் கேட்டாலும் வராது" என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் அதைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. எங்களிடம் அடுப்பு இருந்தது.

அடுத்த வாரம் கடைக்குப் போனபோது டீமேக்கர் அந்த அலமாரிக்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பார்வை நேராக மேல்தட்டில். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

அந்த ஒரு "ம்" போதும். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பனி மூடிய காலையில் அவர் அந்தச் சிவப்புப் பிளாஸ்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்கிறார். துரை ஜீப்பை நிறுத்தி, "என்ன டீமேக்கர், புதுசா?" என்று கேட்கிறார். வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நிற்கிற சனமெல்லாம் திரும்பிப் பார்க்கிறது. நான் கறிவேப்பிலையோடு ஓரமாக நிற்கிறேன். இந்தக் காட்சி நடக்கக் கூடாது. பிளாஸ்க் என் வீட்டுக்கு வர வேண்டும், அவர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் வர வேண்டும். என் வாழ்க்கையின் அப்போதைய நோக்கம் இவ்வளவுதான்.

அந்தச் சமயம் நான் இங்கிலீஷில் பொருளாதாரம் பற்றி ஒரு தடித்த புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். படித்த படிப்பெல்லாம் சீட்டில் இறங்கியது. முதலாளி ரூபாய்க்குக் குறைந்த சில்லறைக்கும் தாராளமாக ஒரு முழுச் சீட்டுத் தருகிறவர் என்று கண்டுபிடித்தேன். ஆகவே ஒரே தடவையில் வாங்க வேண்டியதைப் பிரித்துப் பிரித்து வாங்கினேன். மிளகாய் வாங்கி, சீட்டு வாங்கி, வாசல்வரை போய், மல்லி ஞாபகம் வந்தவன்போல் திரும்பி வருவேன். முதலாளியின் மகன் கல்லாவில் இருக்கும் நாளில் போக மாட்டேன். அவன் கணக்கில் கெட்டி. ஸ்கூல் வாத்தியாருக்கும் தோட்டத்து டிஸ்பென்சரி மருந்தையாவுக்கும் சாமான் வாங்கிவந்து கொடுக்க நானே முன்வந்தேன். சாமான் அவர்களுக்கு, சீட்டு எனக்கு. "கிளாக்கருக்கு என்ன தங்கமான மனசு" என்று வாத்தியாரின் மனைவி என் மனைவியிடம் சொன்னாளாம். மனைவி அதை எனக்குச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்படியும் சீட்டு மெதுவாகத்தான் சேர்ந்தது. டீமேக்கர் வீட்டுக்கோ சாமான் மூட்டை மூட்டையாக வந்திறங்கியது. ஒவ்வொரு மூட்டையும் என் நெஞ்சில்தான் இறங்கியது. அப்போதுதான் கடையில் ஓர் அட்டை கண்ணில் பட்டது: தேயிலை பாக்கெட்டுக்கு இரட்டைச் சீட்டு.

"தேயிலைக்கு மட்டும் ஏன் முதலாளி ரெண்டு?" என்று கேட்டேன்.

"என்ன செய்யச் சொல்றீங்க ஐயா, கொழும்புக்காரன் என் தலையில கட்டிட்டுப் போயிட்டான். இந்த ஊர்ல யாரு தேயில வாங்குவா? பைத்தியக்காரன்கூட வாங்க மாட்டான்."

"பத்து பாக்கெட் போடுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். வியாபாரி, கேள்வி கேட்கவில்லை.

வீட்டில் அந்த நாகரிகம் கிடைக்கவில்லை.

"என்னங்க இது?"

"தேயிலை."

"அது தெரியுது. எதுக்கு?"

"ரெண்டு சீட்டு தர்றாங்க."

"சீட்டைக் கொதிக்க வச்சுக் குடிக்கலாமாமா?"

பாக்கெட்டுகள் கட்டிலுக்கு அடியில் போயின. அடுத்த மாதம் இன்னும் போயின. தோட்டத்துத் தேயிலை டின்னை மனைவி மேலே பரணில் தூக்கி வைத்துவிட்டாள். "வாங்கினதைக் குடிச்சுத் தீர்த்துடுங்க. அப்புறம் நல்லதுக்கு வருவோம்." அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தேத்தண்ணி ஈரச்சாக்கு வாசனை அடித்தது. பிளாஸ்கை நினைத்துக்கொண்டு குடித்தேன்.

பிளாஸ்குக்கு வேண்டிய சீட்டு சேர்ந்து முடியப் போகிற சமயத்தில் ஒருநாள், ஹட்டனில் பஸ் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மழைக்கு நாலு திசையும் உண்டு. மேலிருந்து மட்டும் பெய்யாது. தோட்டத்துக் கேட்டடியில் இறங்கி ஸ்டோரைத் தாண்டித்தான் வீட்டுக்கு நடக்க வேண்டும். பை நனைந்து, பாக்கெட்டுகள் ஊறி, அடித்தையல் விட்டுப்போனதை நான் கவனிக்கவில்லை. ஸ்டோர் வாசலில் காவலுக்கு நின்ற வாச்சர் கவனித்தார்.

"ஐயா, கோவிச்சுக்கிடாதீங்க. பையிலேருந்து தூளு கொட்டுதுங்களே."

திரும்பிப் பார்த்தேன். நான் நடந்துவந்த பாதை முழுக்க, பஸ் நின்ற இடத்திலிருந்து, கறுப்பாக ஒரு கோடு. ஸ்டோரில் தூள் திருட்டுப் போகிறதென்று துரை கடுமையாக உத்தரவு போட்டிருந்த சமயம் வேறு.

"இது... நான் டவுன்லேருந்து கொண்டாறேன்" என்றேன்.

வாச்சர் கோட்டைப் பார்த்தார், பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெளிய கொண்டுபோறவனைப் பிடிக்கச் சொல்லித்தாங்க உத்தரவு. உள்ள கொண்டாறவனை என்ன செய்யிறதுன்னு யாரும் சொல்லலையே. இருங்க, டீமேக்கர் ஐயாவைக் கூப்பிடுறேன்."

"அவரு எதுக்கு?" என்று நான் கத்தியது மழையில் கேட்கவில்லை.

அவர் குடையோடு வந்தார். பையில் கைவிட்டுக் கொஞ்சம் எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, குனிந்து ஊதி, மூக்கருகே கொண்டுபோனார். முகம் லேசாகச் சுளித்தது.

"நம்மளது இல்ல" என்றார் வாச்சரிடம். "இதைத் திருடணும்னா கூலி கொடுத்து ஆள் வைக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்க தம்பி புடிச்சீங்க இதை?"

நான் அவரைவிடப் பத்து வயது சின்னவன். இருந்தாலும் அந்தத் "தம்பி" எப்போதும் குத்தும். "கடையில வாங்கினேன்."

"காசு கொடுத்தா?"

நனைந்துபோன மனிதனால் பொய் சொல்ல முடியாது. சீட்டு, இரட்டைச் சீட்டு, மேல்தட்டு என்று எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

"அடடா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எனக்குக் குடுக்குற சீட்டையெல்லாம் கடையிலயே விட்டுட்டு வந்துருவேனே. யாரு தம்பி அதையெல்லாம் சேர்த்துக்கிட்டு இருக்கிறது?"

"அலமாரிக்கு முன்னால நின்னு பார்த்தீங்களே! அன்னைக்கு!"

"அலமாரியிலயா?" யோசித்தார். "கண்ணாடியில மீசையைப் பார்த்திருப்பேன்."

இவ்வளவு மாதமும் நான் ஓட்டப்பந்தயம் ஓடிக்கொண்டிருந்தேன். அவர் அந்த வழியாகச் சும்மா நடந்து போய்க்கொண்டிருந்தார். பொறாமை இதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, இரட்டித்தது. பிளாஸ்க்கூடத் தேவைப்படாத மனிதன்! அந்தச் செல்வத்துக்கு எந்த அலமாரியில் சீட்டுக் கொடுப்பது?

"இனிமே என் சீட்டையும் நீங்களே வாங்கிக்குங்க. முதலாளிகிட்ட சொல்லிர்றேன்" என்றார் போகும்போது. வேண்டாம் என்று சொல்லும்படி மானம் சொன்னது. ஆனால் பிளாஸ்க் இன்னும் அலமாரியில் இருந்தது. மானம் நமக்கு நாளைக்கும் இருக்கும் என்று, "சரிங்க" என்றேன்.

கடைசியில் பிளாஸ்க் வந்தது. அதை எடுத்துக் கொடுக்கும்போது முதலாளி எழுந்து நின்றார். முதல் தடவையாக எனக்காக எழுந்து நின்றார். "டீமேக்கர் ஐயாவோட ஆள்னு முன்னமே சொல்லப்படாதா? நான் பாருங்க, தெரியாமப் போச்சு" என்று மாசித்துண்டு ஒன்றைப் பொட்டலம் கட்டினார். வாங்கிக்கொண்டேன். மாசி நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் பிளாஸ்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் பதறி எழுந்தார். "என்னய்யா, வீட்டில யாருக்கும் உடம்பு சரியில்லையா?" எங்கள் பக்கத்தில் பிளாஸ்கோடு போகிறவர்கள் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள். அன்று நாலு பேருக்கு, எல்லோரும் சுகம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. துரை ஜீப்பை நிறுத்தவில்லை.

ஆனால் யார் பார்த்தாலென்ன, பார்க்காவிட்டாலென்ன. பார்க்க வேண்டியவர் ஒருவர்தான். இத்தனை வருசம் பொறாமை என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. ஒருநாளாவது அது எதிர்ப்பக்கமாக வரட்டும் என்று ஆசைப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் வீட்டுக்கு வரச் சொன்னேன். அன்று காலையிலேயே தேத்தண்ணியை ஊற்றி மூடச் சொல்லிவிட்டேன். சூடு எவ்வளவு நேரம் நிற்கிறதென்று அவர் பார்க்க வேண்டும். பிளாஸ்கைத் துடைத்துப் பளபளப்பாக்குவதில் இருந்த கவனம், மனைவி அதற்குள் எந்தத் தூளில் தேத்தண்ணி போட்டு ஊற்றினாள் என்பதில் இல்லை.

வந்து உட்கார்ந்தார். மூடியைத் திருகினேன். ஆவி எழும்பியது. நான் எதிர்பார்த்ததைவிட நல்ல ஆவி.

"காலையில ஊத்தினது" என்றேன், சாதாரணமாகச் சொல்வதுபோல.

"அப்படியா."

ஸ்டோரில் தேயிலையை ருசி பார்த்துத் துப்புகிற பழக்கத்தில், சர்ரென்று சத்தம் போட்டு உறிஞ்சினார். வாயில் ஒரு சுற்றுச் சுற்றினார். கண்கள் அறையின் நாலு மூலையிலும் துப்புகிற பாத்திரத்தைத் தேடின. இல்லை என்று தெரிந்ததும் கண்ணை மூடி விழுங்கினார். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்து, "நல்லது தம்பி" என்று எழுந்தார். பிளாஸ்கின் சிவப்பைப் பற்றி, கட்டத்தைப் பற்றி, வாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வாசலில் நின்று அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனதில் பட்டதை வீட்டில் சொல்வார், நமக்குத் தெரியாமலா போகும் என்று ஒரு நப்பாசை. அவர் மனைவி அவர்கள் வீட்டு வாசலில் போஞ்சிக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எதுக்காம் வரச் சொன்னாரு? ஏதும் விசேசமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் டீமேக்கர். "குளிருதேன்னு கொஞ்சம் சுடுதண்ணி குடுத்தாரு."