அத்தான் ஆழமாக்கிய கிணறு

முருங்கனில் இருந்து வந்த பஸ்ஸை விட்டு அத்தான் இறங்கியபோது அவருடைய இரண்டு கைகளிலும் பெயின்ற் வாளிகள் இருந்தன. இளம்பச்சை. எந்த நிறம் பூசலாம் என்று அவர் அம்மாவிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. வாளிகளை விறாந்தையில் வைத்து, மூடியை நெம்பித் திறந்து, "இந்தக் கலர் அடிச்சால் வீடு பெரிசாத் தெரியும்" என்றார். அந்த வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான் இருந்தோம். எங்களுக்கு அது முன்பே போதிய அளவு பெரிதாகத்தான் தெரிந்தது.

வீடு அக்காவின் பெயரில் இருந்தது. அப்பா உயிரோடு இருக்கும்போதே அதைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டார். அம்மா கண் மூடும்வரை அம்மாவும், எனக்குக் கல்யாணம் ஆகும்வரை நானும் அங்கேதான் இருப்போம் என்பது அன்றைய பேச்சு. அந்தப் பேச்சை யாரும் காணி உறுதிப் பத்திரத்தில் எழுதவில்லை. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. அக்காவும் அத்தானும் முருங்கனில் வயலோடு இருந்தார்கள். அத்தானுக்கு நெல் ஆலை போடும் ஆசை வந்ததும் எங்கள் வீடு அவர் கண்ணில் பட்டது. விற்றபின் நாங்கள் எங்கே போவது என்று கேட்டேன். ஆலைக்குப் பின்னால் ஓர் அறை கட்டித் தருவாராம். அம்மா தலையாட்டினார், மருமகனிடம் மாட்டேன் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. எனக்கு அத்தானைப் பிடிக்காது. அன்றைக்கு முன்பும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. இதைப் படிக்கிறவர்கள் முதலிலேயே அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சண்டைக்குப் பயந்து சனம் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. எங்கள் மன்னார்த் தீவில் தெருவுக்குத் தெரு, ஒழுங்கைக்கு ஒழுங்கை வீடுகள் விலைக்குக் கிடந்தன, வாங்கத்தான் ஆள் இல்லை. ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வெளியூரில் இருந்து சனம் வரும், அதற்குள் வீட்டைச் சோடித்து வைத்தால் ஒருவராவது அகப்படுவார் என்று அத்தான் நம்பினார். சுவர்களை விரலால் தட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தார். அம்மாவின் அலுமாரியைப் பின்னறைக்குத் தள்ளினார். முன்னறையில் இருந்த திருஇருதய ஆண்டவர் படத்தையும் கழற்றிச் சாக்கில் சுற்றினார். வாங்குகிறவர் என்ன சமயமோ, படத்தைக் கண்டால் யோசிப்பாராம். அன்று பின்னேரம் அம்மா அந்த வெறும் சுவருக்கு முன்னால் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னார். நடுவில் அத்தான் எட்டிப் பார்த்து, "மாமி, பெயின்ற் காயேல்லை, சுவரிலை முட்டிப்போடாதேங்கோ" என்றார். மனுசருக்கு இவ்வளவு தடித்த தோல் எப்படி வருகிறது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

அவருடைய சோடனைக்கு முன்பே ஒருவர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். உப்புக்குளத்தில் புடைவைக்கடை வைத்திருந்த முதலாளி. அவர் சுவரையும் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய், ஒரு வாளி அள்ளி, உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். "இந்தத் தண்ணிக்காகவே இந்த வளவை வாங்கலாம்" என்றார். திருவிழா முடிய மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து விலை பேசுவதாகச் சொன்னார். தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு எல்லா வீட்டு வளவிலும் வாய்ப்பதில்லை. எங்கள் கிணற்றுக்குப் பின்னேரங்களில் ஒழுங்கைப் பெண்கள் குடத்தோடு வருவார்கள். அம்மா யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் கிணற்றுக்குள் காலை வைக்க யாரையும் விட்டதுமில்லை.

அத்தான் கிணற்றை எட்டிப் பார்த்தார். கோடையில் தண்ணீர் முழங்கால் அளவுதான் நின்றது. "இதைக் காட்டி ஆரிட்டை விலை கேக்கிறது?" என்றார். அவருடைய ஊரில் கிணறு ஆழமாக ஆழமாகத்தான் மதிப்பு. அடுத்த நாளே முருங்கனில் இருந்து இரண்டு ஆட்களையும் தண்ணீர் இறைக்கும் மெசினையும் கொண்டுவந்து இறக்கினார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்று சொன்னேன். "அத்தான், இது வயல் கிணறில்லை. மேலை நிக்கிறதுதான் மழைத் தண்ணி, கீழை முழுக்க உப்பு. தோண்டினால் உப்பு ஏறியிடும்."

"நீ பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்குப் படிப்பி. எனக்குக் கிணறு படிப்பிக்காதை."

அம்மாவும் கிணற்றடிக்கு வந்தார். "தம்பி, அதை மட்டும் தொடாதேங்கோ" என்றார். மருமகனை அவர் மறித்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். அத்தான் சிரித்தபடி மெசினை இயக்கச் சொன்னார்.

வேலை முடிந்தபோது தண்ணீர் நெஞ்சளவு நின்றது. அத்தான் என்னைக் கூப்பிட்டார். நான் பார்க்கப் போகவில்லை. அடுத்த நாள் காலைத் தேத்தண்ணியை அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். திருவிழா முடிந்து முதலாளி மனைவியோடு வந்தார். பச்சைச் சுவர்களைத் தாண்டி நேரே கிணற்றடிக்குப் போனார். வாயில் விட்ட தண்ணீரைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்து, "இது அந்தத் தண்ணி இல்லையே, தங்கச்சி" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டைக் கேட்டு யாரும் வரவில்லை. முதலாளிக்கு வாங்க மனமில்லை, சாட்டுச் சொல்லுகிறார் என்று திட்டிக்கொண்டே அத்தான் பஸ் ஏறினார். மிச்சப் பெயின்றையும் கொண்டுபோனார்.

அவருடைய மடைத்தனத்தால்தான் உங்களுக்கு வீடு மிஞ்சியது என்று பின்னாளில் பலர் என்னிடம் சொன்னார்கள். ஆலைக்குப் பின்னால் கட்டித் தருவதாகச் சொன்ன அறைக்கு நாங்கள் போகாமல் தப்பியது உண்மைதான். அதற்காக நன்றி சொல்லுகிற பெரிய மனசு எனக்கில்லை. தோண்டிய ஆழத்தை மணல் கொட்டித் தூர்த்துப் பார்த்தோம். மாரியில் உப்புக் கொஞ்சம் தணியும், பங்குனியில் பழையபடி ஏறிவிடும். ஒழுங்கைப் பெண்கள் வருவதை நிறுத்தினார்கள். குடிக்கிற தண்ணீரைச் சந்தி தாண்டிப் போய் நான் சைக்கிளில் கட்டிவந்தேன். சமையலுக்கும் தேத்தண்ணிக்கும் கிணற்றுத் தண்ணீர்தான், குழாய் வரும்வரை. சண்டை முடிந்து, குழாயும் வந்து, அம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள், "எங்கட பழைய தண்ணியிலை ஒரு வாய் தா" என்று கேட்டார். நான் குழாய்த் தண்ணீரைக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இதில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பவும் கேட்கவில்லை.

அம்மா இறந்து முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அக்காவும் அத்தானும் வீட்டுக்கு வந்தார்கள். முன்னறைக் கதிரையில் சாய்ந்திருந்த அத்தான் சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "அண்டைக்கு விக்காமல் விட்டது நல்லதாப் போச்சு. இப்ப விலை கூட, வாங்க ஆக்கள்தான் குறைவு. எண்டாலும் பெயின்ற் அடிச்சு, அந்தக் கிணத்தையும் மூடிவிட்டால் விலைபோயிடும். நீ எங்களோடை வந்து இரன்" என்றார். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேத்தண்ணி குடியுங்கோ, அத்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். குழாயைத் திறக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்தார். "என்ன பிள்ளை, உப்புக் கரிக்குது?"

"எங்கட கிணத்துத் தண்ணி" என்றேன். "அம்மா இதிலைதான் அத்தினை வருசமும் தேத்தண்ணி குடிச்சவ. மிச்சம் வைக்காமல் குடியுங்கோ."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா நிமிரவில்லை. கோப்பை காலியாகும்வரை நான் அவருடைய கதிரைக்கு முன்னாலேயே நின்றேன்.