கல்லறைக்குக் காய்ச்சல் பார்த்தவன்

எழுபதுகளின் கடைசியில், இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். கொழுந்து வாட்டும் மாடியில் இரண்டு வெப்பமானிகள் தொங்கும். ஒன்று வெறுமனே, மற்றதன் அடியில் ஈரத்துணி. இரண்டும் ஒரே அளவு காட்டினால் காற்றில் ஈரம் நிரம்பிவிட்டது, கொழுந்து வாடாது. உடனே ஜன்னலைத் திறந்து விசிறியைப் போட வேண்டும். பத்து வருடமாக அதுதான் என் பாடு.

அப்போது மலையில் மழைநீர் ஓடக் கான் வெட்டியவர்கள் ஒரு கற்பலகையைப் புரட்ட, அடியில் பழங்காலக் கல்லறை. உள்ளே ஒரு மண்பானை, பானைக்குள் ஒரு குழந்தையின் எலும்புகள். கண்டித் தொல்பொருள் இலாகாவிலிருந்து வந்த சிங்கள அதிகாரி எதையும் தொடவில்லை. மேலே பலகைக் கதவு போட்டு, உள்ளே அதேபோல இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டார். அடுத்த மாதம் ஆட்களோடு வந்து பானையை எடுக்கும்வரை தினமும் இரண்டு வேளை அளவு பார்த்து எழுத வேண்டும், பார்த்ததும் கதவை மூடிவிட வேண்டும். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் என்னைக் கைகாட்டினார்.

“பொணத்துக்குக் காய்ச்சல் பாக்கவா போறீங்க?” என்று என் மனைவி சிரித்தாள்.

முதல் நாளே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே அளவு. மறுநாளும் அப்படியே. கல்லில் நீர் கோத்து நின்றது. எலும்பெல்லாம் ஊறி அழுகிவிடும் என்று பட்டது. சோற்றில் கை வைத்தால் பானைதான் ஞாபகம். ஈரத்தைப் பற்றி எனக்குச் சொல்லித்தரக் கண்டியிலிருந்து ஆள் வரவேண்டுமா? மாசி மாதத்து உலர்ந்த காற்று வீசத் தொடங்கியதும் கதவைத் தூக்கி வைத்துவிட்டேன். மூன்று நாள் திறந்தே கிடந்தது. அளவுகள் நன்றாக விலகின. பெருமையோடு எழுதிவைத்தேன்.

மூன்றாம் நாள் அந்தியில்தான் குனிந்து பார்த்தேன். பானை விளிம்பிலிருந்து அடிவரை வெடித்திருந்தது. மண்டையோடு செதில் செதிலாக உரிந்து கிடந்தது. கதவை மூடினேன், ஈரச் சாக்கைப் போட்டேன். ஒரு பயனும் இல்லை.

அதிகாரி வரும்வரை தூக்கமில்லை. காற்று கதவைத் தூக்கிவிட்டது என்று சொல்ல மனதுக்குள் பாடம் பண்ணினேன். வந்தவர் பானையை வெகுநேரம் பார்த்தார். பிறகு நான் எழுதிய நோட்டைப் புரட்டி, அந்த மூன்று நாட்களின்மேல் விரல் வைத்தார். யார் திறந்தது என்று சிங்களத்தில் கேட்டார்.

பதற்றத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது. “நான்தாங்க சேர். காயட்டும்னு தெறந்தேன்.”

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. இத்தனை காலமும் அந்த ஈரம்தான் அதைக் காப்பாற்றியது என்றார். பின்னால் படிப்பவர்களுக்குக் காரணம் தெரிய வேண்டும், நடந்ததை எழுதிப் பெயரையும் போடு என்று பேனாவை நீட்டினார்.

போட்டேன். தோட்டத்துத் தமிழர் பலரையும்போல அப்போது எனக்குப் பிரஜாவுரிமை கிடையாது. எந்த வாக்காளர் பட்டியலிலும் நான் இல்லை. அந்தக் குழந்தை யாரென்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அதைக் கெடுத்தவன் பெயர் அரசாங்கப் புத்தகத்தில் இருக்கிறது.