மணிக்கூட்டு அம்மன்

சுனாமி எங்கள் வீட்டில் இருந்ததையெல்லாம் கொண்டுபோய்விட்டு, பதிலுக்கு ஒரு மணிக்கூட்டைத் தந்தது. வாவிக்கரைச் சேற்றில் அப்பா அதைக் கண்டெடுத்தார். கேட்டு யாரும் வரவில்லை. பிரான்ஸ் நாட்டுப் பழஞ்சாமான் என்று பங்குத்தந்தை சொன்னார். வெண்கலத்தில் தங்க முலாம், கைக்குழந்தையின் கனம். மேலே வில்லேந்திய ஒரு பெண், காலடியில் ஒரு நாய். அவளுடைய மேலாடை நழுவி ஒரு மார்பு மட்டும் தெரிந்தது. மணிக்கூடு நேரம் காட்டாது. பிடித்துக் குலுக்கினால் மணி மட்டும் கணீரென்று அடிக்கும்.

அவள் கண்ணகை அம்மன்தான் என்பதில் எட்டு வயதான எனக்குச் சந்தேகமே இல்லை. ஒற்றை மார்போடு வேறு யார் நிற்பார்கள்? அம்மா சிரித்தார்.

“கண்ணகைக்கு நாய் என்னத்துக்கு புள்ள? இது வெள்ளக்காரிட பொம்ம.”

நான் வைத்த செவ்வரத்தம் பூவையும் எடுத்து வீசிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, ஷெல் விழத் தொடங்கியதும் வாழைச்சேனைப் பக்கம் நடந்தோம். காய்ச்சலில் கிடந்த தம்பியோடு அப்பா முந்திப் போயிருந்தார். அம்மா சட்டி பானையை விட்டுவிட்டு, மணிக்கூட்டைச் சேலைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

சோதனைச் சாவடியில் பதினாறு வயது அண்ணனைப் பார்த்த ஆமிக்காரன், இளைஞர்கள் நின்ற தனி வரிசையைக் கைகாட்டினான். முந்தின நாள் அந்த வரிசைக்குப் போன பக்கத்து வீட்டுப் பெடியன் இன்னும் வந்து சேரவில்லை. அம்மா இடுப்பை ஒரு குலுக்குக் குலுக்கினார்.

கணீர், கணீர் என்று மணி அடித்தது. சனம் நிலத்தில் விழுந்து படுத்தது. இரண்டு துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின. அம்மா ஆறுதலாக, அவசரமே இல்லாமல் துணியை அவிழ்த்தார். வெயிலில் தங்கப் பெண் மின்னினாள். நாயை மட்டும் அம்மாவின் கை மூடியிருந்தது.

“பத்தினி அம்மே?” என்றான் ஆமிக்காரன். சிங்களவர்கள் கண்ணகையைப் பத்தினி என்றுதான் கும்பிடுவார்கள்.

“ஓம், பத்தினி. எங்கட கண்ணகை அம்மன்” என்ற அம்மா, அண்ணன் பக்கம் திரும்பினார். “இந்தா மனே, அம்மன நீ தூக்கு. கீழ வைக்கப்படாது.”

ஆமிக்காரன் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டு, வழிவிட்டான்.

அண்ணன் அம்மனோடு முன்னே போக, நாங்கள் திருவிழா ஊர்வலம் மாதிரி பின்னால் போனோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் வென்றது நான்தானே! அம்மாவே தன் வாயால் ஒப்புக்கொண்டுவிட்டார். நாய் என்னத்துக்கு என்று இனிமேல் கேட்கட்டும், பார்ப்போம்.

சாவடி கண்ணுக்கு மறைந்ததும் அம்மா ரோட்டோரம் குந்தி, அண்ணனைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தள்ளி நின்றேன். முதல் நாளிலிருந்து அம்மனை நம்பிய என்னிடம் தராமல், அண்ணனிடம் போய்த் தூக்கக் கொடுத்தாரே என்று, அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவே இல்லை.