சுவரில் ஒரு கைப்பிடி

நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அந்த அறையின் கழிப்பறையில் பிடித்து எழ ஒன்றுமில்லை என்று வயதான ஒருவர் ஆன்லைனில் குறை எழுதியிருந்தார். மறுநாளே ஆளை வரவழைத்து, சுவரில் ஸ்டீல் கைப்பிடி பொருத்திவிட்டேன். என் அம்மாவுக்கும் மூட்டுவலிதான். எங்கள் கழிப்பறையில் வாளியைக் கவிழ்த்துவைத்து, அதில் கையூன்றித்தான் எழுந்துகொண்டிருந்தாள். அது என் கண்ணில் படவில்லை என்றால் பொய். பட்டது.

அதன்பிறகு, அறை காலியாக இருக்கும் நாளெல்லாம் கழிப்பறையைக் கழுவுகிறேன் என்று அம்மா வெள்ளனே அங்கே போய்விடுவாள். வர நேரமாகும்.

"அங்க என்னம்மா இம்புட்டு நேரம் சோலி? வெரசா வா!" என்று வெளியிலிருந்து கத்துவேன்.

ஒருநாள் அறை கேட்டு ஒரு குடும்பம் வாசலில் வந்து குரல் கொடுத்தது. அவசரத்தில், தாழிடாமல் சாத்தியிருந்த கழிப்பறைக் கதவைத் தள்ளிவிட்டேன். அம்மா அந்தக் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு பாதி எழுந்திருந்தாள். பக்கத்தில் துடைப்பமும் இல்லை, பினாயிலும் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் முழுதாக எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, முந்தானையால் கைப்பிடியை அழுத்தித் துடைத்தாள்.

"சுத்தமாத்தான்யா கெடக்கு. அவுகள வரச் சொல்லு."