விசாரணையில் போட்ட ஊதா ஸ்டோல்

1

செம்பட்டிப் பக்கம் நான் முதன்முதலாகப் பங்குச் சாமியாராகப் போன அன்று, உபதேசியார் சவரிமுத்து என் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: “சாமி, பிரசங்கம் பத்து நிமிஷந்தேன். மேல போனா ஆளுக எந்திருச்சுப் போயிருவாக. கோவிச்சுக்கக் கூடாது. பூ வாடிரும்ல.”

ஞாயிறு முதல் பூசை ஐந்தரைக்கு. மார்க்கெட்டுக்குப் போகவேண்டிய மல்லிகை மூட்டைகள் கோயில் வாசலில் வண்டிகளிலேயே இருக்கும். பிரசங்கம் நீண்டால் யாராவது வெளியே போய் மூட்டைமேல் தண்ணீர் தெளித்துவிட்டு வருவார். ஈரக் கையோடுதான் நன்மை அப்பம் வாங்குவார். பதினோரு வருடம் அங்கே இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக வேறெங்கும் இருந்ததில்லை. அங்கேதான் இந்தத் தவறையும் செய்தேன்.

2

இளம் சாமியார்கள் வாசிப்பீர்கள் என்பதால் நேராகவே சொல்கிறேன். நான் தன்பாலீர்ப்பு உள்ளவன். சாமியாருக்குப் படிக்கக் குருமடத்தில் சேரும் முன்பே எனக்குத் தெரியும். கொடுத்த பிரம்மச்சரிய வாக்கை மீறியதில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்போம். அதற்கும் முன்னால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியே விசாரித்து, சொன்ன பதிலைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

அருள் எங்கள் பாடல் குழுவில் கீபோர்ட் வாசிப்பவன். வயது இருபத்தாறு. “யாராவது கட்டாயப்படுத்துனாங்களாப்பா?” என்று விசாரணையில் அவனிடம் கேட்டேன்.

“சாமி, எனக்குப் பொம்பளைக மேல நாட்டமே வந்ததில்ல. ஆம்பளைக மேலதேன். அய்யாகிட்டச் சொன்னா வெட்டிப்புடுவாரு. நீங்க ஒரு வார்த்த பேசி நிறுத்திவிடுங்க. ஒங்க பேச்சுன்னாக் கேப்பாரு.”

எழுத எடுத்த பேனா அப்படியே நின்றது. கல்யாணத்தை நிறுத்தினால் அவன் அப்பா என்னிடம் காரணம் கேட்பார். இவனுக்காக நான் வாதாட வேண்டியிருக்கும். வாதாடினால் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். மேசை டிராயரைத் திறந்தேன். பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கும்போது கழுத்தில் போடும் நீண்ட ஊதாத் துணியை, ஸ்டோலை, எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

“இதப் பாவசங்கீர்த்தனமாச் சொல்லு.”

“பாவமா? நான் ஒண்ணும் செய்யலையே சாமி. ஒதவிதான கேக்குறேன்?”

“மண்டி போடுப்பா.”

போட்டான். அதன்பிறகு அவன் பேசியதை இங்கே எழுத மாட்டேன். ஸ்டோல் போட்டுப் பாவசங்கீர்த்தனமாகக் கேட்டதைச் சாகும்வரை வெளியே சொல்லக்கூடாது. சொல்ல முடியாமல் போகட்டும் என்றுதான் போட்டேன். படிவத்தில் ‘முழுச் சம்மதம்’ என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டான். மூன்று ஓலையும் நானே வாசித்தேன்.

3

ஆறு வருடம் கழித்து அவன் மனைவி ரோசலின் என்னைத் தேடி வந்தாள். நான் அப்போது திண்டுக்கல்லுக்கு மாறியிருந்தேன்.

“அவரு நல்ல மனுசன் சாமி. அடிச்சதில்ல, வஞ்சதில்ல. தங்கச்சி மாதிரி வச்சிருந்தாரு. தங்கச்சியா இருக்கவா தாலி கட்டிக்கிட்டேன்?”

மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தில் மனு போட்டிருந்தாள். அந்தக் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பானால்தான் கோயிலில் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ள முடியும். அதற்கு அருள் சொல்வது மட்டும் போதாது; கல்யாணத்துக்கு முன்பே அவன் சொன்னதற்கு வேறு சாட்சி நான் ஒருவன்தான்.

“அது பாவசங்கீர்த்தன ரகசியம்மா. நான் வாயத் தெறக்க முடியாது.”

“ஸ்டோலு போடுறதுக்கு முன்னாடியே சொன்னேங்கிறாரே சாமி?”

பூசைக்கு நேரமாயிற்று என்று எழுந்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாட்சி இல்லாமல் மனு ஒன்பது வருடம் கிடந்தது.

ஓய்வு பெற்ற பிறகு நானே நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினேன். விசாரித்தவர் என்னைவிட முப்பது வயது இளையவர். ஸ்டோல் போடும் முன் கேட்டதை மட்டும் அவரிடம் சொன்னேன்.

“ஏன் ஃபாதர் அப்ப ஸ்டோலைப் போட்டீங்க?”

“நானும் அப்படித்தான். அந்தப் பயத்துல போட்டேன்.”

அவர் பேனாவை மூடினார். “இது வேணாம் ஃபாதர். இத எழுதல.”

“எழுதுங்க. விசாரணையில சொன்னத எழுதாம விட்டு வந்த வினைதான் இம்புட்டும்.”

எழுதினார்.

செல்லாது என்று வந்த தீர்ப்பின் நகலைக் காட்ட ரோசலின் வந்தாள். “முப்பதுல கேட்டேன், நாப்பதுல குடுக்குறீக” என்றாள்.

“என்ன மன்னிச்சிரு தாயி.”

“மன்னிக்கிறது ஒங்க வேலைதான சாமி? எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.” படியிறங்கியவள் நின்று, “இதையெல்லாம் எழுதப்போறேன்னு அருளுகிட்டச் சொன்னீகளாமே. எழுதுங்க. எங்க ரெண்டு பேரு பேரையும் மாத்திருங்க” என்றாள். மாற்றியிருக்கிறேன்.

விசாரணைக்கு உட்காரும் சாமியார்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: எதிரே இருப்பவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். உதவி கேட்டு வந்தவரை மண்டியிட வைக்காதீர்கள். அருள் என்னைக் கேட்டது அவன் அப்பாவிடம் போய்ப் பேசச் சொல்லித்தான். அவர் வீடு கோயிலிலிருந்து நாலாவது வீடு.