பன்னிரண்டு மணிப் பதிவு

உப்பளம் கடைத்தெருவில் லூர்துசெல்வியின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள், “மெக்கானிக் இல்லீங்களா?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். பதினாறு வருஷமாகக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. “நான் என்ன இங்க காத்து வாங்கவா உக்காந்திருக்கேன்?” என்பாள்.

கன்னியப்பன் அப்படிக் கேட்கவில்லை. முனை வளைந்து தொங்கிய பென்டிரைவை மேசையில் வைத்துவிட்டுக் கும்பிட்டான். லாட்ஜில் அறை கூட்டுகிறவன். தங்கியிருந்த அம்மாளின் தங்கச் சங்கிலியை, அறை கூட்டப்போனபோது எடுத்துவிட்டதாக அவன்மேல் பழி. இன்று மூன்று மணிக்கு முதலாளி விசாரிக்கிறார். நிரூபிக்க முடியவில்லையென்றால் போலீஸ். ரிசப்ஷனில் இருக்கும் சிந்தியா இரக்கப்பட்டு, வராந்தா கேமராப் பதிவை இதில் ஏற்றித் தந்திருந்தாள். கேமரா மெஷினில் அது அழிந்து நாலு நாளாகிறது. இவனோ பென்டிரைவைப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

“பின்பாக்கெட்டுல வெக்கிற பொருளாண்ணே இது?” என்று திட்டிக்கொண்டே பிரித்தாள்.

முனையை உள்ளே இணைக்கும் நாலு கால்களில் மூன்றுக்கு மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தாள். நாலாவது, தகடோடு பெயர்ந்து வந்திருந்தது. அதில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. மணி இரண்டே கால். கம்ப்யூட்டரில் செருகி, ஒரு கையால் பென்டிரைவைத் தாங்கி, நாலாவது காலின் இடத்தில் ஒரு கம்பியை ட்வீசர் இடுக்கியால் அழுத்திப் பிடித்தாள். திரையில் ஃபோல்டர் திறந்தது. மூச்சு விடுவதற்குள் மறைந்தது. மறுபடி அழுத்தினாள். திறந்தது. விரலடியில் சிப் கொதித்தது. இது நெடுநேரம் தாங்காது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

“எந்த நேரத்துப் பதிவு? சீக்கிரம் சொல்லுங்க!”

“மாதா கோயில்ல பன்னெண்டு மணி அடிச்சப்ப ரூமை வுட்டு வந்தேம்மா.”

“என் கை ரெண்டும் மாட்டிக்கிச்சு. நீங்களே மவுசைப் புடிங்க. பன்னெண்டுன்னு போட்டிருக்கறத இந்தப் பக்கம் இழுத்து வுடுங்க.”

ஆயுசில் மவுசைத் தொட்டதில்லை அவன். அம்பு திரையெல்லாம் ஓடியது. ஃபைலைப் பிடித்தான், நழுவவிட்டான். “மெதுவா... வுட்டுறாதீங்கண்ணே!” விரல் வெந்தது, அவள் அசையவில்லை. சேசுவே, சேசுவே என்று முணுமுணுத்தாள். ஃபைல் காப்பியாவதைக் காட்டும் பச்சைக் கோடு தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டி நின்றது. பிறகு ஒருவழியாக நிறைந்தது. அடுத்த நொடி பென்டிரைவ் செத்துப்போனது.

வாடிக்கையாளரின் ஃபைலை அவள் திறந்து பார்ப்பதில்லை. அவன்தான், “போட்டுக் காட்டுங்கம்மா” என்றான். திரையில் கன்னியப்பன் துடைப்பமும் வாளியுமாக வெளியே வந்து போனான். பத்து நிமிஷம் கழித்து அந்த அம்மாள் அறையிலிருந்து வெளியே வந்து கதவைப் பூட்டினாள். கழுத்தில் சங்கிலி பளபளத்தது.

“பாத்தீங்களா!” என்று லூர்துசெல்வி மேசையைத் தட்டினாள். அவன் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“இத ரெண்டு பென்டிரைவுல காப்பி போட்டுக் குடுங்கம்மா.”

“மொதலாளிக்கு ஒண்ணு போதாதா?”

“அவருக்கு ஒண்ணு. இன்னொண்ணு என் பொண்டாட்டிக்கு.”